அத்தையின் மாத்திரையும் என் மணிக்கட்டும்

என் வலது கை மணிக்கட்டைக் குணப்படுத்தியது யார்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கைதான் சரியாகிவிட்டதே, யாராக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் என் மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று இருக்கிறது. அது என் பதிலுக்காகக் காத்திருந்தது. நான் ஒரு பெயரைச் சொன்னால் அத்தை மாத்திரையை விழுங்குவார். இன்னொரு பெயரைச் சொன்னால் நிறுத்திவிடுவார்.

எல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலால் வந்தது.

மூடி திறந்தது

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாகறலிலிருந்து என் அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். பாட்டில் மூடி திறக்கவில்லை. என் கணவர் தினேஷ் துண்டைச் சுற்றித் திருகிப் பார்த்தார். அத்தை தோசைக் கரண்டியால் சுற்றிலும் தட்டினார். அம்மா, "இருங்க, வெந்நீர்ல காட்டலாம்" என்று அடுப்பைப் பற்ற வைத்தார்.

நான் இடது இடுப்பில் என் மகள் மகிழோடு அந்தப் பக்கம் போனேன். ஏதோ யோசனையில் பாட்டிலை வலது கையால் எடுத்து, மேடை விளிம்பில் அணைத்து, ஒரு திருகு திருகினேன். டப்பென்று திறந்துவிட்டது.

கொஞ்ச நாள் முன்புவரை அந்தக் கையால் பற்பசை மூடியைக்கூட என்னால் திறக்க முடியாது.

"பாத்தியா! ஊசி போட்ட ஹீலர் கை ராசி!" என்றார் அத்தை.

"அதெப்படி ஹீலரு? சுகுணா புடிச்ச புடிம்மா இது" என்றார் அம்மா. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தச் சுகுணா?" என்றார் அத்தை.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் வாங்கித் தந்த பெல்ட்டு" என்றார் தினேஷ்.

அம்மா சமாளித்துக்கொண்டு, "எங்க ஊரு ஈஸ்வரனுக்கு நான் வேண்டிக்கினேன். அத யாருமே கணக்குல சேக்கல" என்றார். எலும்பு நோவு என்றால் மாகறல் கோயிலில் வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

அத்தை எல்லாரையும் கையமர்த்தினார். "அவ படிச்ச பொண்ணு. அவளே சொல்லட்டும். யமுனா, யாரால சரியாச்சு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மகிழும் பார்த்தாள்.

"ஊறுகாய் ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்றேன். நான் அதை இன்னும் ருசிக்கக்கூட இல்லை.

நழுவிய கை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மகிழின் முதல் பல்லைப் பற்றி எழுதியதற்கு, 'பல் முளைப்பதற்குக்கூடவா பயப்படுவீர்கள்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம், பயப்படுவேன். அது வளைந்து முளைக்குமோ, முளைக்காமலே இருக்குமோ, முளைத்து நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்று மூன்று விதமாகப் பயந்தேன். இதையும் அந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

மகிழ் குப்புறக் கவிழப் பழகிய காலம் அது. தொட்டிலிலிருந்து அவளைத் தூக்கினேன். கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை கரண்ட் அடித்ததுபோல் ஒரு வலி ஓடியது. பிடி விட்டுப்போனது. குழந்தை என் கையில் நழுவி முழங்கை மடிப்பில் வந்து நின்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இன்னொரு முறை செய் என்பதுபோல் கால்களை உதைத்தாள்.

அதிலிருந்து அவளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம். கீழே தலையணை போட்டுவிட்டுத்தான் தூக்குவேன். வீடு முழுக்கத் தலையணைகள் கிடந்தன.

டாக்டரிடம் போனேன். "குழந்தையத் தூக்கற அம்மாக்களுக்கு வர்றதுதான். கட்டைவிரல் தசைநாணோட உறையில வீக்கம். பால் குடுக்கறீங்க, அதனால மாத்திரை வேணாம். கைக்கு நல்லா ஓய்வு குடுங்க, போதும்" என்றார்.

நல்ல அறிவுரைதான். அதை மகிழிடமும் சொல்லியிருக்கலாம்.

போதாததற்கு நான் புடவைக்குக் குச்சு கட்டுகிறேன். வேதியியல் படித்து, தனியார் பள்ளியொன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். செவிலிமேட்டில் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் கடைகளிலிருந்து பட்டுப்புடவை வாங்கிவந்து முந்தானை நுனி நூலை முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பாலாற்றுக் காற்று வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, நூலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கி முறுக்கி முடிய வேண்டும். இதைவிட அந்தக் கட்டைவிரலுக்குக் கெடுதலான வேலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"சார்ஜ் போயிருக்குதும்மா"

ஹீலரைக் கண்டுபிடித்தது அத்தைதான். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, தன் இடுப்பு வலி போன கதையை ஸ்டாப்பிங் தாண்டியும் சொல்லிக்கொண்டு வந்தாராம். அத்தை இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தார், விலாசத்தோடு.

ஹீலர் என்றதும் நான் தாடி வைத்த பெரியவர் ஒருவரை எதிர்பார்த்தேன். அவருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி அறை. முன்பு அதே அறையில் கைப்பேசி பழுது பார்த்துக்கொண்டிருந்தாராம். தன் முதுகு வலிக்கு அக்குபங்சர் செய்துகொள்ளப் போய், அதையே படித்துவிட்டு வந்தவர். சுவரில் மனித உடம்பு முழுக்கக் கோடுகள் ஓடும் பெரிய படம். அதன் பக்கத்தில் 'சார்ஜர், ஹெட்செட் கிடைக்கும்' என்று முன்பு எழுதியிருந்தது, வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிந்தது.

மூன்று விரலால் நாடி பார்த்தார். நாடி இருப்பது மணிக்கட்டில். எனக்கு வலியும் அங்கேதான். நான் கத்தினேன். "ம், நல்லா பேசுது" என்றார். நாடியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

"பசிச்சா மட்டும்தான் சாப்பிடறீங்களாம்மா?"

"பாப்பா தூங்கினா சாப்பிடுவேன்."

"தாகம் எடுத்தா தண்ணி குடிக்கறீங்களா?"

"அவ எழுந்துட்டா மறந்துடுவேன்."

"நேரத்தோட தூங்கறீங்களா?"

இதற்கு அத்தை முந்திக்கொண்டார். "இவளா? ஒரு கொசு பறந்தாப் போதும், புள்ளையக் கடிச்சிடுமோன்னு எழுந்து உக்காந்துக்கினு இருப்பா. அந்தக் கொசுவே பயந்துக்கினு ஓடிடும்."

ஹீலர் தலையாட்டினார். "சார்ஜ் போயிருக்குதும்மா. போன்ல மாதிரி உள்ள ஏகப்பட்ட ஆப்பு ஓடிக்கினே இருக்குது. ஒண்ணு ஒண்ணா மூடணும்."

ஊசி உறையைப் பிரிக்கப் போனார். நான் அதை வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்தேன். பிறகு உறை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஹீலர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஒரே ஊசி. ஜரிகை இழை கனம்கூட இருக்காது. அதை என் பாதத்தில் போட்டார்.

"வலி கையில" என்று நினைவுபடுத்தினேன்.

"தெரியும்மா. சுவிட்ச் ஒரு எடத்துல இருக்கும், லைட்டு வேற எடத்துல எரியும்."

சுருக்கென்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். மகிழ் அத்தையிடம் இருந்தாள். மின்விசிறி சத்தம் மட்டும். எனக்கு அழுகை வந்தது. அது ஊசியாலா, உட்கார்ந்ததாலா என்பதும் தெரியாது.

கிளம்பும்போது விதிகள் சொன்னார். இன்று முழுக்க அந்தக் கையால் வேலை செய்யாதீர்கள். தைலம், எண்ணெய், வேறு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடம்பைக் குழப்பாதீர்கள்.

அன்று மாலைவரை மகிழை அத்தையே வைத்திருந்தார். அடுத்தடுத்துப் போன நாட்களிலும் அப்படித்தான்.

"நரம்பு ஏறிக்கினு இருக்குது"

ஊசி என்று கேட்டதும் என் அம்மா போனில் பதறினார். "ஊசியா? வேணாம்மா. சுகுணாவை அனுப்பறேன். அவ கை வச்சா போதும்."

சுகுணாக்கா மாகறல் சுற்று வட்டாரத்தில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுபவர், பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்து விடுபவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போய்விடுவார். அத்தை தெருமுனை திரும்புவதற்கும் சுகுணாக்கா ஒயர் கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்குவதற்கும் சரியாக இருக்கும். அத்தை மனசு நோகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அம்மாவின் மனசும் நோகக் கூடாதல்லவா? நான் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறேன்.

பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டார். என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நரம்பு ஏறிக்கினு இருக்குது. அவன் ஊசி எங்க குத்தினான்?"

"கால்லக்கா."

"கை வலிக்குக் காலா! நாளைக்குப் பல்லு வலின்னு போனா முதுகுல குத்துவான் போல." சொல்லிக்கொண்டே கட்டைவிரல் அடியில் ஓர் அழுத்து. எனக்குக் காஞ்சிபுரத்துக் கோபுரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

"ஐயோங்காத. மூச்ச விடு. புள்ள பெத்தவதான நீ?"

பிறகு கை லேசானது. யாரோ புதுக் கை மாட்டிவிட்டதுபோல் இருந்தது. சுகுணாக்காவும் விதிகள் சொன்னார். எண்ணெயை நாளைக்குத்தான் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. வேற வைத்தியம் கூடவே கூடாது.

அப்போதுதான் குச்சு ஞாபகம் வந்தது. பட்டில் ஒரு துளி எண்ணெய் பட்டால் அந்த இடம் கருத்துவிடும். அப்போது கையில் இருந்தது கல்யாணப் புடவை வேறு. ஆகவே எண்ணெய் வைத்த கையோடு புடவைப் பக்கமே போக முடியவில்லை. குழந்தைக்குச் சளி என்று கடைக்குச் சொல்லி அனுப்பினேன். மகிழ் அதைக் கேட்டுக்கொண்டு நன்றாகத்தான் மூச்சு விட்டாள்.

தினேஷுக்கு இரண்டு வைத்தியமும் தெரியும். ஒரகடத்தில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகவர வீடியோ பார்ப்பவர். "இதெல்லாம் சயின்ஸ் இல்ல யமுனா" என்று சொல்லி மணிக்கட்டு பெல்ட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். வந்தது இடது கை பெல்ட்.

"தலைகீழாப் போட்டா வலது கைதானே?" என்றார். இதுவும் சயின்ஸ் என்று நினைத்து நான் கொஞ்ச நாள் போட்டுக்கொண்டேன்.

கல்லீரலில் கோபம்

மறுபடி ஹீலரிடம் போகும் நாள் வந்தது. சீயக்காய், கடலை மாவு, சோப்பு என்று மூன்று போட்டுத் தேய்த்தும் கையில் பூண்டு வாசம் போகவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சிய எண்ணெய் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

ஹீலர் நாடியில் விரல் வைத்தார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை. நாடியில் சுகுணாக்கா தெரிகிறாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்க அடிக்க நாடி இன்னும் வேகமாக ஓடி என்னைக் காட்டிக்கொடுத்தது.

"கல்லீரல்ல கோபம் இருக்குதும்மா" என்றார் கடைசியில்.

"யார் மேல?" என்றார் அத்தை உடனே.

அறையில் காத்திருந்த எல்லாரும் திரும்பினார்கள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீலர் நல்ல மனிதர். "பொதுவாத்தாம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, செவிலிமேடு வரும் முன் அத்தை என் பக்கம் திரும்பி, "எம்மேல எதனா இருந்தா சொல்லிடு யமுனா. கல்லீரல்ல வச்சிக்காத" என்றார்.

நான் சத்தியமாக இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று எனக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைத்தார்.

இப்படியாக ஊசியும் எண்ணெயும் பெல்ட்டும் மாறி மாறி நடந்தன. வலி எப்போது குறைய ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. வீட்டில் தலையணைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்குத் திரும்பின. பிறகு ஊறுகாய் பாட்டில்.

யோசித்துப் பார்த்தால், ஹீலர் சொன்னார் என்று குழந்தையை நான் தூக்கவில்லை. எண்ணெய் என்பதால் குச்சு கட்டவில்லை. பெல்ட் போட்டால் விரலே மடங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து டாக்டர் சொன்ன ஓய்வைத்தான் கொடுத்தார்களோ என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த ஊசிக்குப் பிறகு வந்த நிம்மதி என்ன? சுகுணாக்கா அழுத்திய பிறகு விரல் லேசாக மடங்கியதே, அது என்ன? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு எது வேலை செய்தது என்று கேட்கக் கூடாது என்பதை நான் பள்ளிப் பிள்ளைகளுக்கே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

"உடம்பு கேக்கலியே"

ஊறுகாய் ஞாயிறுக்கு அடுத்த சில நாட்களில் அத்தை மாத்திரையைத் தொடவில்லை. அட்டை குறையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"உனக்கு மாத்திரை இல்லாமயே சரியாச்சு இல்ல? எனக்கு மட்டும் எதுக்கு? ஹீலரு இன்னா சொன்னாரு? உடம்பு கேட்டாப் போடுங்கன்னாரு. நானும் தெனம் காலையில உக்காந்து கேட்டுப் பாக்கறேன். உடம்பு கேக்கலியே."

"பிரஷர் கேக்காது அத்தை. கேக்காமலேதான் ஏறும்."

"அப்ப ஹீலரால உனக்குச் சரியாவலன்னு சொல்லு. நான் போட்டுக்கறேன்."

இதுதான் என் சிக்கல். ஹீலரால்தான் என்றால் மாத்திரை நின்றுவிடும். ஹீலரால் இல்லை என்றால், குழந்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கிய அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அது உண்மையா என்றும் தெரியாது. "தெரியல அத்தை" என்றேன். "தெரியலன்னா நல்லா யோசிச்சிச் சொல்லு, நான் காத்துக்கினு இருக்கேன்" என்றார். அவர் காத்திருந்தார், மாத்திரை போடாமல்.

நான் பயத்தில் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். குனிந்தால் பின்னால் போய் நிற்பேன். தலையைச் சொறிந்தால், "தலை சுத்துதா?" என்பேன். "பேன் கடிக்குது" என்பார்.

முந்தானைக்குள் ஒரு முகம்

கடைசியில் தனியாக ஹீலரிடம் போனேன். காத்திருக்கும் வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. ஆனால் பூண்டு வாசம் வந்தது.

"சுகுணாக்கா?"

"மெதுவாப் பேசு" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. "ஊரு புள்ளைங்கள எல்லாம் புடிச்சிப் புடிச்சி என் கட்டைவெரலு போச்சு. நானே எனக்குப் புடிச்சிக்க முடியுமா?"

"கால்லதான் குத்துவாரு, தெரியுமில்ல?"

"தெரியும். போனவாட்டி குத்தினாரு. கொஞ்சம் தேவலாம்." பிறகு என் காதருகே வந்தார். "நீ ஒண்ணும் சிரிக்காத. அவரு முதுகு புடிச்சி விட யாரு போறான்னு நினைக்கற? அவங்க சம்சாரம் போன் போட்டுக் கூப்பிடும். நான்தான் போறேன்."

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாங்கியிருந்த சத்தியத்தை, இதை எழுதுவதற்காக அவரே தளர்த்தினார். "பேரு போட்டுக்கோ. ஊருல சுகுணான்னு நாப்பது பேரு இருக்காங்க" என்றார்.

என் முறை வந்தது. அத்தையின் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன்.

ஹீலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் நிறுத்தச் சொல்லலியேம்மா. முட்டி வலிக்குக் கடையில தானா வாங்கிப் போடறாங்களே, அந்த வலி மாத்திரையச் சொன்னேன். பிரஷர் மாத்திரை டாக்டர் குடுத்தது. அத நிறுத்தற வேல எனக்கு இல்ல."

"நீங்களே அத்தைகிட்ட சொல்றீங்களா?"

அங்கேயே போன் போட்டுப் பேசினார். எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்தால் அத்தை நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஹீலர் பேசினாரா அத்தை?"

"பேசினாரு. பாவம், நீ போயி பயமுறுத்தி வச்சிருக்கற. அதான் போடச் சொல்றாரு. அவருக்கும் கல்லீரல்ல எதனா ஏறிடப் போவுது."

மெஷின் வந்த நாள்

எங்கள் தெருவுக்கு மாதா மாதம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து வீடு வீடாகப் பிரஷர் பார்ப்பார். சுறுசுறுப்பான பெண். அவர் வரும் நாளை நான் கல்யாண முகூர்த்தம்போல் எதிர்பார்த்திருந்தேன். எண்களை நேரில் பார்த்தால் அத்தை மனம் மாறுவார் என்று நம்பினேன்.

அந்தப் பெண் அத்தையின் கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் உறுமி அடங்கியது.

"ஏறியிருக்குதே ஆயா. மாத்திரை போடறீங்களா இல்லியா?"

"மெஷின் சரியில்ல" என்றார் அத்தை.

"இப்பத்தான் பக்கத்து வீட்ல பாத்துக்கினு வரேன். சரியாத்தான் இருக்குது."

"அப்ப இவளுக்குப் பாரு. இவ சின்னப் பொண்ணு, இவளுக்கு எதுவும் இருக்காது. இவளுக்குச் சரியாக் காட்டினா ஒத்துக்கறேன்."

நியாயமான சோதனைதான். வேதியியல் படித்தவள் என்ற முறையில் நானே அதைப் பாராட்டினேன். மகிழை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

பட்டை இறுகியது. அந்தப் பெண் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டு உக்காருங்கக்கா. இன்னொருவாட்டி பாக்கலாம்" என்றார். இன்னொரு முறை பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது.

"உங்களுக்கும் கூடத்தான் காட்டுது. இன்னா கவல?"

நான் அத்தையைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

"உப்பைக் கொறைங்க. ஒரு வாரம் விட்டு வந்து பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட போவணும். அதுவரைக்கும் கவலைப்படாதீங்க" என்றார். இந்தக் கடைசி மருந்து எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அத்தை ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். மெஷினை மறந்துவிட்டார். "என்னை நினைச்சிதான?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை மகிழை என் மடியில் வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஃபிரிட்ஜ் மேலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என் எதிரில் நின்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எனக்கு வேணான்னுதான் என் உடம்பு சொல்லுது. இது உன் உடம்புக்காகப் போடறேன். புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்று, எனக்கு மருந்து கொடுப்பதுபோல் பார்த்துக்கொண்டே அவர் விழுங்கினார். விழுங்கிவிட்டு, "இப்ப எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்பார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தார். அத்தைக்குக் குறைந்திருந்தது. எனக்கும் குறைந்திருந்தது. மறுபடி பார்த்தார். சரியாகவே இருந்தது.

"பாத்தியா?" என்றார் அத்தை, வெற்றியோடு. "நான் மாத்திரை போட்டேன், உனக்குக் கொறைஞ்சிது!"

அந்தப் பெண் வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

வாசகர்களே, நேற்று காலை வரை எல்லாம் நன்றாகவே போனது. நேற்று மாத்திரை அட்டை தீர்ந்தது. அத்தை வெறும் அட்டையை என்னிடம் காட்டிக் கேட்டார்: "உனக்குத்தான் சரியாயிடுச்சே யமுனா. இன்னும் எத்தினி நாளைக்குத்தான் உனக்காக நான் போடறது?"

சரியாகிவிட்டது என்றால் நிறுத்திவிடுவார். சரியாகவில்லை என்றால் என்னை ஹீலரிடம் கூட்டிப்போவார், அது தெரிந்தால் அம்மா சுகுணாக்காவை அனுப்புவார், தினேஷ் ஒரு பிரஷர் மெஷின் வரவழைப்பார். இப்போதைக்குப் புது அட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் அடுத்து வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. மாடிப்படியில் வேகமாக நாலைந்து தடவை ஏறி இறங்கிவிட்டு உடனே உட்கார்ந்தால், பிரஷர் சற்று கூடுதலாகக் காட்டும் என்று படித்தேன். எங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறது. அத்தையின் நலனுக்காக ஒரு மருமகள் இப்படிச் செய்வது சரியா, தவறா? வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பெண் வருவதற்குள் எழுதுங்கள்.